எதிர்க்காற்றுக்கு இருபது நிமிடம்

எடை மேடையில் முதலில் பெட்டிகள் ஏறின. பிறகு அவன் ஏறினான். சின்ன விமானம் என்பதால் ஆட்களையும் நிறுத்துப் பார்த்துத்தான் இருக்கை தருவார்கள்.

"போன தடவையை விட எடை ஏறிட்டீங்க சார்," என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"பஸ் டிரைவரும்மா. உக்காந்தே சம்பாதிச்சா வேற எப்படி இருக்கும்?"

அவனுக்கு எல்லோரிடமும் பேச்சு வந்தது. தன்னிடம் மட்டும் வராமல் போய் எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தபடி அவன் மனைவி மேடையில் ஏறினாள். பிரிந்துவிடுவது என்று போன மாதமே இருவரும் முடிவு செய்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவன் அம்மாவுக்குத்தான் இன்னும் தெரியாது. "நானே சொல்லிடறேன். நீ பக்கத்துல நின்னா போதும்," என்றிருந்தான். அத்தையின் முகத்தை நினைத்துத்தான் அவள் வரச் சம்மதித்தாள்.

"சார் முன்னாடி, இடது பக்கம். மேடம் அதுக்குப் பின்வரிசை, வலது பக்கம். எடைக் கணக்கு அப்படித்தான் வருது."

அவள் அவனுடைய ஷூக்களைப் பார்த்தாள்.

கல்யாணமான புதிதில் இதே கவுன்ட்டரில், இப்படித்தான் பிரித்துப் போட்டார்கள். அவன் ஷூவைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான், பையிலிருந்த சாவிக்கொத்தை அவளிடம் கொடுத்தான், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி மேடையில் ஏறினான். அப்போதிருந்த பெரியவர், "சட்டையை விட்டுடுப்பா, பொம்பளைங்க நிக்கறாங்க," என்று சிரித்து, யாருடைய பெட்டியையோ பின்னால் தள்ளச் சொல்லி ஒரே வரிசையில் எதிரெதிர் இருக்கை தந்தார். சாலை வழியே போனால் ஒரு பகல் முழுக்க வளைந்து வளைந்து போகும் தூரம். மேலே ஐம்பது நிமிடம். அத்தனை வளைவிலும் பஸ் ஓட்டியவன், விமானம் தரையை விட்டதும் நடைபாதைக்கு மேலே கை நீட்டி அவள் கையைப் பிடித்தவன்தான், விடவில்லை. மிட்டாய்த் தட்டோடு வந்த பணிப்பெண், "கொஞ்சம் பாலத்தைத் தூக்குங்க, போயிக்கிறேன்," என்றாள். திரும்பும்போது எதிர்க்காற்று, இருபது நிமிடம் கூடுதல். அவன் காற்றைத் திட்டிக்கொண்டே வந்தான். இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

இப்போது அவன் குனிந்தான். ஷூவைக் கழற்றப் போகிறானோ என்று அவள் பார்த்தாள். அவிழ்ந்திருந்த லேசைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

"போகும்போதே எதிர்க்காத்து இன்னைக்கு. இருபது நிமிஷம் கூட ஆகும்," என்றாள் கவுன்ட்டர் பெண்.

"அம்மா காத்துட்டிருப்பாங்களே," என்றான் அவன், யாரிடமோ சொல்வதைப் போல.

விமானத்தில் அவன் பின்னந்தலை தெரிந்தது. உச்சியில் முடி கொட்டியிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை எப்படிப் பார்க்காமல் போனோம்? மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊராருடைய பார்வையை எல்லாம் சோதிக்கிறவள் அவள்.

சக்கரங்கள் தரையை விட்டன. அவனுடைய வலது கை நடைபாதைப் பக்கம் நீண்டது. எதிர் இருக்கையில் யாரோ ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, தலை திரும்பாமலே, மெல்லப் பின்பக்கமாக வந்தது.

அவள் கையை நீட்டி எட்டப் பார்த்தாள். பெல்ட் இழுத்தது. ஒரு சாண் குறைந்தது.

தலைக்கு மேலே பெல்ட் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கை விரிந்தபடியே அங்கேயே இருந்தது.