கை தெரிய வேண்டும்

ஹெலன் மேடம் அனுப்பிய குரல் செய்தியை அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினொரு தடவை கேட்டிருப்பேன்.

"ஜெனிபர், நேத்து அனுப்புன வீடியோ வேலைக்கு ஆகாதும்மா. நெருப்பு வந்ததும் எல்லாம் வெள்ளையா போயிடுது. முதல்ல முகம், அப்புறம் பாஸ்போர்ட், அப்புறம் வெல்டிங். எல்லாம் ஒரே வீடியோவா, நடுவுல வெட்டாம வேணும். முக்கியமா கை தெரியணும். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு லிஸ்ட்ட கத்தாருக்கு அனுப்பிடுவேன்."

மேடம் சென்னையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் இருக்கிறார். கடலுக்கு மேல் சாரத்தில் நின்று வேலை செய்ய அவர்களுக்கு வேண்டியது பதினான்கு வெல்டர்கள். பதிமூன்று பேர் தேறிவிட்டார்கள். மிச்சமிருந்த அந்த ஒரு இடம் என் வீட்டுக்காரர் சாம்சனுக்குக் கிடைக்க வேண்டும். அவர் வேலையில்லாமல் உட்கார்ந்து ஐந்து மாதம் ஆகிறது. கம்பெனியில் ஆள்குறைப்பு என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவர்தான். வேறெங்கும் கேட்டுப் போகவும் இல்லை. இந்தக் கத்தார் வேலையும் நான் தேடிப் பிடித்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வேலையும் அதற்கேற்ற வேலைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் குறை பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். வெள்ளை விளக்குக்குக் கீழே எட்டு மணி நேரம் நின்று கீறல் விழுந்ததையும் குழி விழுந்ததையும் எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். "ஊட்லயும் அதே புத்தி உனுக்கு" என்பார் சாம்சன்.

சர்ச் முடிந்ததும் சோறுகூட சரியாக இறங்காமல், இரண்டேகால் மணிக்கு ஸ்டீபன் அண்ணனின் ஷெட்டுக்குப் போய்விட்டோம். சிப்காட்டுக்குப் பின்னால் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற சின்ன ஷெட். ஞாயிற்றுக்கிழமை லீவு. அண்ணன் சாவியைக் கொடுத்து, "மிஷின் ரெடியா கீது. முடிச்சிட்டு சாவிய டீக்கடைல குடுத்துடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் சாம்சன் போனில் எடுத்தோம். போட்டுப் பார்த்தால் ஒரே புகைமூட்டம். லென்ஸைத் துடைத்தேன், ஊதினேன், மறுபடி துடைத்தேன். ஊஹூம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. வேலை செய்யும்போது இவர் போனைச் சட்டைப் பையில் வைப்பார், லென்ஸ் வெளியே பார்த்தபடி. வருஷக்கணக்காகத் தெறித்த பொறி அந்தக் கண்ணாடியை அம்மைத் தழும்பாகக் குழித்து வைத்திருந்தது. வெல்டர்கள் பாதிப் பேரின் போனுக்கு இதுதான் கதி.

"இதுலயே எடு ஜெனி. போதும்" என்றார்.

"இன்னாயா போதும்? உன் மூஞ்சி பனியில நிக்கிற மாடு மாதிரி கீது. இத்த பாத்துட்டா உன்ன கூப்புடுவான்?"

என் போனை எடுத்தேன். என்னோடு வேலை செய்கிற சோனியா ரீல்ஸ் போடுகிற பெண். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கடகடவென்று ஒப்பித்தாள். "அக்கா, பெரிசு பண்ணி எடுக்காதீங்க, கிட்ட போயி எடுங்க. போன கையில புடிக்காதீங்க, எதுலனா இறுக்கி வெச்சிடுங்க. ஆளு மூஞ்சி மேல விரல வெச்சி அழுத்திகினே இருங்க, பூட்டு மாதிரி ஒண்ணு வரும். அப்புறம் அது தானா மங்கலாவாது, தானா வெள்ளையும் ஆவாது."

எல்லாம் செய்தோம். நெருப்பு மட்டும் அடங்கவில்லை. வெல்டிங் ராடு பைப்பைத் தொட்டதும் திரை முழுக்க வெள்ளை.

கடைசியில் எனக்கே ஒரு யோசனை தோன்றியது. வெல்டர் எதன் வழியாக நெருப்பைப் பார்க்கிறான்? முகமூடியில் இருக்கிற கறுப்புக் கண்ணாடி வழியாக. போனும் அதன் வழியாகப் பார்த்தால் என்ன? ஷெட்டில் கிடந்த பழைய முகமூடியிலிருந்து கண்ணாடியைக் கழற்றினேன். லென்ஸுக்கு முன்னால் பிடித்ததும் நெருப்பு சின்ன நட்சத்திரமாக அடங்கியது. உருகுகிற இரும்புகூடத் தெரிந்தது. நான் கைதட்டியே விட்டேன்.

ஆனால் அதில் ஒரு பேஜாரு. கண்ணாடியை வைத்தால் முகம் தெரியாது. முகம் தெரிய எடுத்தால் நெருப்பு வெள்ளை. நடுவில் வெட்டவும் கூடாது. அதனால் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் காட்டி முடித்ததும் நான் "ம்" என்பேன், அவர் முகமூடியை இறக்கி ராடைத் தட்டுவார், அதே நொடியில் நான் கண்ணாடியை இறக்க வேண்டும். அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் ராத்திரி முழுக்கக் கண்ணில் மண் கொட்டினது போல உறுத்தும். ஆகவே நான் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் இறக்க வேண்டும். எடுக்கிறது நான், ஆனால் எடுக்கும்போது எதையும் பார்க்க முடியாது.

ஒரு தடவை லேட்டாக இறக்கினேன். ஒரு தடவை இவர் "ம்" கேட்குமுன் தட்டினார். ஒரு தடவை எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோது போனில் இடமில்லை என்று நின்றது. மணி மூன்றரை. கிறிஸ்துமஸ் பாட்டு வீடியோ, கொழுந்தன் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அழித்தேன். ஃபேன் வேறு கிடையாது, சத்தம் வருமென்று நிறுத்தியிருந்தோம்.

இதில் இவர் பங்குக்கு இவர். "கொஞ்சம் தூரத்துலேர்ந்து எடேன்." "இந்தப் பக்கமா வை, அந்தப் பக்கம் வேணாம்." "போனு சரியில்ல ஜெனி. வுட்ரு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ஒழுங்கா ஒரு எடத்துல நிக்க மாட்டேன்ற. போன கொற சொல்றியா?"

அவர் சொன்னபடியே தூரத்தில், இடது பக்கமாக வைத்து ஒன்று எடுத்தோம். முகம் தெரிந்தது, நெருப்பும் பரவாயில்லை. ஆனால் கை பைப்புக்குப் பின்னால் போய்விட்டது. நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு அதை அனுப்பினேன். மேடத்திடமிருந்து பதில் வந்தது. "பரவால்லம்மா. கை தெரியலை. இன்னொண்ணு நல்லா வந்தா அனுப்பு. இல்லன்னா இதையே வெச்சி சொல்லிப் பாக்கறேன்."

"அதான் சரின்னுட்டாங்க இல்ல, கெளம்பு" என்று சாம்சன் கையுறையைக் கழற்றினார்.

"எங்க சொன்னாங்க? 'சொல்லிப் பாக்கறேன்'னா அது ஒரு பதிலா? ஒரே ஒரு எடம் கீது. அதுக்கு எத்தினி பேரு காத்துகினு கீறான். இன்னொண்ணு எடுக்கறோம். இந்த வாட்டி கிட்ட. வலது பக்கம்."

"வேணாம் ஜெனி."

"ஏன்?"

அவர் கையுறையை மறுபடி மாட்டினார். பைப்புக்கு ஒரு முழம் தள்ளி, வலது பக்கம் கிளாம்பில் என் போனை இறுக்கினேன். தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. விரலை அழுத்திப் பூட்டு வரவழைத்தேன். அவர் முகத்தைக் காட்டினார், பாஸ்போர்ட்டைக் காட்டினார், ஹோல்டரில் ராடை மாட்டிக்கொண்டு நின்றார். நான் உடனே "ம்" சொல்லவில்லை. கை நன்றாகப் பதியட்டும் என்று, முன்னதாகவே கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணினேன். பிறகு "ம்" என்று கண்ணாடியை இறக்கினேன். சரசரவென்று சத்தம் கேட்டது. நடுவில் ஒரு தரம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

போட்டுப் பார்த்தேன். கர்த்தரே, என்ன தெளிவு! நெற்றி வேர்வை தெரிந்தது. பாஸ்போர்ட் நம்பரைப் படிக்க முடிந்தது. ராடின் மேல் இருந்த எழுத்துகூடத் தெரிந்தது.

அந்த எழுத்தைத்தான் படிக்க முடியவில்லை. அது அசைந்துகொண்டே இருந்தது.

சனியன், கிளாம்ப் ஆடியிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடி போட்டேன். கம்பெனியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, சந்தேகம் வந்தால் பக்கத்தில் அசையாத பொருளைப் பார் என்று. சுவரில் தொங்கிய காலண்டர் அசையவில்லை. பைப் அசையவில்லை. ராடு மட்டும் துடித்தது. அதைப் பிடித்த கை துடித்தது. நான் எண்ணிய அந்தப் பத்து நொடியும் துடித்தது. பிறகு அவருடைய இடது கை மெதுவாக வந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடித்தும் நிற்கவில்லை. கறுப்புக் கண்ணாடி இறங்கியதும் நெருப்பு ஒரே கோட்டில் போகாமல் அலைந்தது, ராடு ஒட்டிக்கொண்டது, அவர் பிடுங்கி எடுத்து மறுபடி தட்டினார்.

என் கண் முன்னாலேயே சாப்பிடுகிறவர், சட்டை போடுகிறவர். எப்படிப் பார்க்காமல் போனேன்? டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறார் என்றால், சூடு என்று நினைத்திருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் அந்தக் கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கும்.

போனை அவரிடம் காட்டினேன். அவர் பார்த்தார். முகமூடிக்குள் இருக்கிறவனுக்கு நெருப்பு மட்டும்தான் தெரியும். தன் கையைத் தானே இப்படி வெளியிலிருந்து அவர் பார்த்தது அன்றுதான்.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"எட்டு மாசமா."

"ஆள்குறைப்புன்னியே?"

"என்னிய ஒருத்தனதான் கொறைச்சாங்க. நான் வெல்டு வெச்ச பைப்பு லீக்காச்சி. சூப்பர்வைசர் கூப்ட்டு கைய நீட்டுன்னாரு. நீட்டுனேன்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "புகையாலயா, நரம்பாலயா, இன்னான்னு தெரியல. டாக்டராண்ட போனா இனிமே வெல்டிங் பண்ணாதன்னுடுவாருன்னு போவல. வேற இன்னா தெரியும் எனக்கு?"

"அங்க போயி இன்னா பண்ணுவ? சாரத்து மேல ஏறி நிக்கணும்யா! கடலுக்கு மேல!"

"அங்க போயி பாத்துக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தரையில் அடித்திருப்பேன். கோபம் அவர்மேல் இல்லை. இரண்டு மணி நேரமாக, ஒழுங்காக நில்லு, ஒழுங்காக நில்லு என்று இந்த வாயால் கத்தியிருக்கிறேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் நின்று நின்று கொடுத்திருக்கிறார்.

போன் அடித்தது. ஹெலன் மேடம். மணி ஐந்துக்கு எட்டு நிமிஷம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஜெனிபர், வேற வீடியோ வந்துச்சா? இல்லன்னா அந்த நாலு மணி வீடியோவையே வெச்சி பேர சேத்துடறேன். கத்தார் ஆளுகிட்ட சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டாரு. சேத்துடவா?"

சாம்சன் என்னைப் பார்த்தார். சேர்த்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு வருஷ வேலை. கை மறைந்த அந்த வீடியோவில் ஒரு குறையும் தெரியாது. என் நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். வந்துவிட்டது.

"ஜெனிபர்? லைன்ல இருக்கியா?"

அவர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அவர் கையில் அது ஆடியது. கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்து வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"மேடம், நான் சாம்சன் பேசறேன். கை தெரியணும்னு கேட்டீங்க. என் கை ஆடுதுங்க. எட்டு மாசமா ஆடுது. என் பேர போடாதீங்க."

மேடம் ஒன்றைத்தான் கேட்டார்.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. பாக்கணும்."

"பாருங்க முதல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் ஷெட்டைக் கூட்டினேன். எதற்கென்று தெரியாது, கை வேலை கேட்டது. அழுகையும் வந்துகொண்டிருந்தது. மிஷினை அணைத்தேன், கிளாம்பை எடுத்த இடத்தில் மாட்டினேன். அவர் வெளியே போய், நாங்கள் வந்த பைக்கில் உட்கார்ந்திருந்தார். பைக் சாவி துளைக்குள் போகவில்லை. இரண்டு தடவை பக்கத்தில் இடித்தது.

"கொஞ்சம் இரு ஜெனி. கை நிக்கட்டும்" என்றார்.

பக்கத்தில் நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்போம். மெயின் ரோட்டில் டிரெய்லர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கை நிற்கவில்லை. இதே ரோட்டில்தான் இந்தக் கையோடு எட்டு மாதமாக என்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

சாவியை அவர் கையிலிருந்து வாங்கி என் பையில் போட்டேன். பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் ஷெட்டுக்குள் வைத்துப் பூட்டினோம். ஷெட் சாவியை டீக்கடையில் கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஏறியதும் வழக்கம்போல அவர் வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார். நான் அதை வெளியே இழுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.