இடதுகாற் செருப்பு

சுபாஸ்கரனுடைய இடது கால் 2009ஆம் ஆண்டு வன்னியில் ஷெல் பட்டுப் போனது. அந்தக் காலுக்கு வாங்குகிற செருப்பு மட்டும் இன்றுவரை தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒற்றைச் செருப்பை எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆகவே யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்கும் அவர் சோடியாகவே வாங்கினார். யுத்தம் முடிந்த காலத்தில் நானூறு ரூபாவாக இருந்த சோடி இப்போது ஆயிரத்து எண்ணூறு. பாதிக் காசு இல்லாத காலுக்குப் போனது. பொய்க்கால் தொடையைப் புண்ணாக்கியதால் தடியூன்றி நடந்தார். வாசலில் வைக்கிற இடதுசெருப்பு, விடியும்போது அடியில் மண்ணோடு கிடக்கும்.

அந்தக் கால் தினமும் காங்கேசன்துறைக்குப் போய் வந்தது. அங்கே அவர்களுடைய காணி தொண்ணூறாம் ஆண்டிலிருந்து இராணுவத்தின் முட்கம்பிக்குள் இருக்கிறது. மனைவி உதயகலா செருப்பைக் கழுவும்போது காணியின் நிலவரத்தை அறிந்துகொள்வாள். நாயுருவி ஒட்டியிருந்தால் வளவு பற்றையாகிவிட்டது. மாம்பால் பட்டிருந்தால் கறுத்தக்கொழும்பான் மாமரம் இன்னும் காய்க்கிறது. ஒருநாள் சுண்ணாம்பும் செங்கல் தூளும் ஒட்டியிருந்தன. வீட்டை இடித்துவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டு, அன்று அவள் உலை வைக்கவில்லை. அவர்களுக்கு ஊரிலிருந்து வருகிற சேதி, புதினம் எல்லாம் இது ஒன்றுதான்.

போன ஐப்பசியில் சந்தையில் பக்கத்து இடத்துக்கு றஊப் என்பவர் பிளாஸ்ரிக் வாளி விற்க வந்தார். தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுவனாகப் புத்தளம் போனவர். திரும்பி வந்து பழைய இரும்பு பொறுக்கிய காலத்தில் மிதிவெடியில் வலது காலை இழந்தார். மிஞ்சிய காலின் செருப்பு வார் அறுந்து, கம்பியால் கட்டியிருந்தது. கம்பி கிழித்த புண் நீரிழிவால் ஆறவில்லை. இந்தக் காலையும் எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

“அண்ணை, உங்கடை இடது செருப்பு சும்மாதானே கிடக்குது?” என்று ஒருநாள் கேட்டார்.

“சும்மா கிடக்கேல்லை. காங்கேசன்துறைக்குப் போய் வருது.”

“பஸ்ஸிலையோ?”

“நடந்துதான்.”

றஊப் வாளிகளை அடுக்கத் தொடங்கினார். “அப்ப வேண்டாம் அண்ணை. ஊருக்குப் போறதை மறிக்கக்கூடாது. இருவது வரியம் அந்த நினைப்பிலையே கிடந்தனான், எனக்குத் தெரியும்.”

சுபாஸ்கரன் இதை வீட்டில் சொன்னபோது உதயகலா கோபப்பட்டாள். “குடுத்திட்டால் எங்கடை காணிப் புதினம் எனக்கு ஆர் சொல்லுறது?” பிறகு அவளே செருப்பைத் தேய்த்துக் கழுவினாள். ஒரு மண்துகளும் மிஞ்சாமல் துடைத்துக் கடதாசியில் சுற்றினாள். “கொண்டுபோய்க் குடுங்கோ. உள்ள கால் முதலிலை நடக்கட்டும்,” என்றாள். போர் தின்றதை எந்த அரசும் திருப்பித் தந்ததில்லை. இப்படிக் கொடுப்பதை மட்டும் கடவுள் குறித்துவைப்பார் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறோம்.

அடுத்த சோடியில் பாதி தன்னுடையது என்று றஊப் காசு கொடுத்துவிட்டார். மாரி முடிய முன்னரே புண் ஆறியது.

தை மாதத்து ஒரு காலை சுபாஸ்கரன் “ஐயோ” என்று பாயில் எழுந்து உட்கார்ந்தார். கால் வெறுங்காலோடு போய் வந்திருந்தது. உதயகலா சட்டைப்பின்னை விளக்கில் சுட்டு எடுத்து வந்தாள். பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குனிந்தாள்.

“அசையாதேங்கோ.”

நெருஞ்சி முள் ஒன்று வந்தது, நுனியில் இரத்தத்தோடு. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கிணத்தடி முழுக்க முளைச்சிட்டுது போலை,” என்றாள். பிறகு பாய்க்கு மேலே வெறுமையாயிருந்த இடத்தில் மஞ்சள் பூசி, தேநீர் வைக்கப் போனாள்.