ஒரு நல்லி எலும்புக்காக

சாம்சனும் அவன் அண்ணன் சாலமோனும் பேசிக்கொள்ளாமல் போனதற்குக் காரணம் ஒரு நல்லி எலும்பு என்று ஆரம்பாக்கமே நம்பியது. சாம்சனும் அப்படித்தான் நம்பினான். அவன் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குக் கொழுத்த நல்லி விழுந்தது. சாலமோனுக்கோ வெறும் கொழுப்புத் துண்டு. சாலமோன் இலையை மடக்கிவிட்டு எழுந்தான். போனவன் காக்களூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அதற்குப் பிறகு சாம்சனுக்குத் தொப்பை விழுந்தது, முன்மண்டை வழுக்கையானது, ஒரு பெண் குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. அண்ணன் மட்டும் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று காலை சாப்பாடு கட்டும்போது மனைவி ஜெனிபர் சொன்னாள்: "பெரியப்பான்னா எப்டி இருப்பாருன்னு புள்ள கேக்குது. நான் இன்னா சொல்றது?"

அதையே நினைத்துக்கொண்டு சாம்சன் வேலைக்குப் போனான். கும்மிடிப்பூண்டியில் இறாலை உறையவைக்கும் கம்பெனி ஒன்றில் குளிர் அறைக்குள் பெட்டி அடுக்குவது அவன் வேலை. வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கினாலும் உள்ளே அவனுக்குத் தடித்த கோட்டும் குரங்குக் குல்லாவும்தான். மதியச் சாப்பாடு முடிந்து, அறை வாசலில் பட்டை பட்டையாகத் தொங்கும் பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு நுழைந்தான். பனிப்புகை வழக்கத்தைவிட அடர்த்தியாக, பால்போல மிதந்து வந்து முகத்தைத் தொட்டது. தொட்ட புகை சுட்டது. அதில் இறால் வாசனை இல்லை. புதினாவும் பட்டையும் கிராம்பும் மணத்தன.

இன்னும் சில எட்டு வைத்தான். ஆரம்பாக்கத்துச் சர்ச்சுக்குப் பின்னால், ஆவி பறக்கும் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பந்தல் தூணில் வண்ணக் காகிதம் சலசலத்தது. பேனரில் அவன் பெயரும் ஜெனிபர் பெயரும். கைமேல் உட்கார்ந்த கொசுவைப் பட்டென்று அடித்தான். பயம் பிடித்துக்கொண்டது, வந்த ஆவிக்குள்ளேயே திரும்பி ஓடினான்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தணிகைவேலிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான். தணிகைவேல் போனில் விண்வெளிப் படம், மாயப் படம் எதையும் விடாமல் பார்க்கிறவன். அவன் ஆச்சரியப்படவில்லை. கவலைதான் பட்டான்.

"அங்க எதையும் தொட்டியா?"

"ஒரு கொசு அட்ச்சேன்."

"கெடுத்தியே! அங்க ஒரு கொசு செத்தா இங்க உலகமே மாறிப்பூடும்பா."

இருவரும் பயந்துகொண்டே சுற்றிப் பார்த்தார்கள். சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. உலகம் அப்படியே இருந்தது. மறுநாள் கேண்டீனில் உப்புமாவுக்குப் பதில் பொங்கல் போட்டார்கள். சாம்சன் திகைத்துப்போய்க் கேட்டான். "இங்க என்னிக்குமே பொங்கல்தானே நைனா," என்றான் தணிகைவேல்.

பொங்கல் நன்றாகவே இருந்தது. அதனால் சாம்சனுக்குத் தைரியம் வந்தது. ஒரு கொசுவுக்கே பொங்கல் என்றால் ஒரு நல்லி எலும்புக்கு அண்ணனே கிடைப்பான் அல்லவா?

"போ. ஆனா உன்னை நீயே பாத்துடாத, வெடிச்சிடுவ," என்று சொல்லி அனுப்பினான் தணிகைவேல்.

இந்த முறை சாம்சன் அண்டாவிலிருந்து பெரிய நல்லியாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டான். பந்தலுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளைக் கோட்டில் ஒல்லிப் பையன் ஒருவன் எதிரே வந்து நின்றான். அடர்ந்த சுருட்டை முடி. சாம்சன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். எதுவும் வெடிக்கவில்லை.

"இன்னா பெருசு, இந்த வெயில்ல குல்லா? ஜொரமா?" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை மேடைக்குப் போனான். பெருசு என்றது சாம்சனுக்கு வெடிப்பதைவிடப் பெரிய வலியாக இருந்தது.

நல்லியை அண்ணன் இலையில் வைத்தான். சாலமோன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "தண்ணி வெக்கல," என்று சொல்லி இலையை மடக்கினான்.

அடுத்த முறை சாம்சன் நல்லியோடு தண்ணீரும் வைத்தான். "கத்திரிக்காயில உப்பு ஜாஸ்தி," என்று இலைமேல் கை வைத்தான் சாலமோன். இலை மடிவதற்குள் சாம்சன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். வியர்வை கொட்டியது. குல்லாவைக் கழற்றினான்.

"உனுக்கு இன்னாதான்யா பேஜாரு?"

சாலமோன் திரும்பி, அந்த முகத்தை உற்றுப் பார்த்தான். அதில் எதையோ கண்டவன்போல அவன் குரல் இறங்கிவிட்டது.

"எலும்பு இன்னா எலும்பு. கல்யாணமாவாம நான் இருக்கசொல்ல தம்பிக்கு ஆவுது. ஆவட்டும், எனக்கும் சந்தோசம்தான். ஊரெல்லாம் போய்ப் பத்திரிகை வெச்சான். என்னாண்ட வந்து, அண்ணா, நான் பண்ணிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கல. வர்றவன் போறவன்லாம் உனக்கு எப்போன்றான். சோத்துல கொறைன்னு எழுந்து போய்ட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான் பாரு."

நான்தாண்ணா உன் தம்பி என்று சொல்லச் சாம்சன் வாயெடுத்தான். அதற்குள் அண்டாவின் மூடியைத் திறந்தார்கள். ஆவி பந்தலெங்கும் பரவி நாற்காலிகளை, காகிதப் பூக்களை, அண்ணனின் தோளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தது. அண்ணனின் கையைப் பிடித்தான். பிடித்த கையில் சில்லென்று ஓர் இறால் பெட்டி இருந்தது.

அதற்குப் பிறகு அவன் அந்தக் குளிர் அறைத் திரைக்குப் பின்னால் எதையும் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறிக் காக்களூர் போனான். சாலமோன் வாடகை வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. தம்பியைப் பார்த்தான், லுங்கியைப் பிழிவதை நிறுத்தவில்லை.

"அண்ணா, உன்னை ஒரு வார்த்தை கேக்காம கல்யாணம் பண்ணிக்கினேன். தப்பு."

லுங்கியைப் பிழிந்த கை நின்றது.

"இத நான் யாராண்டயும் சொன்னதில்லயே," என்றான் சாலமோன். "பந்தில ஒரு ஆள் பக்கத்துல வந்து குந்தினான். அவனாண்ட மட்டும்தான் சொன்னேன். அச்சு அசல் செத்துப்போன நம்ம அப்பா மொகம். அப்பாதான் கேக்க வந்துட்டாரோன்னு நெனச்சேன்." தம்பியை மேலும் கீழும் பார்த்தான். "தொப்பைதான் யாருதுன்னு தெரியாம இருந்துச்சி."

சாம்சன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டான். "இப்ப கேக்கட்டா?"

"இன்னான்னு?"

"அண்ணா, நான் ஜெனிபரைக் கல்யாணம் பண்ணிக்கட்டுமா?"

சாலமோன் சிரிப்பான் என்று நினைத்தான். அவன் சிரிக்கவில்லை. லுங்கியை உதறிக் கொடியில் போட்டு, ஓரத்தை நீவிவிட்டு, உண்மையாகவே யோசித்தான்.

"பொண்ணு நல்ல பொண்ணா?"

"வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மத்தபடி தங்கம்."

"அப்ப பண்ணிக்க," என்றான் சாலமோன். கண்ணில் சோப்பு பட்டதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சட்டை மாட்டி வந்து கதவைப் பூட்டினான்.

பஸ்ஸில் சன்னலோரம் அண்ணனுக்கு. வெயிலில் ஏரிகள் கண்ணாடித் துண்டுகளாகக் கூடவே ஓடிவந்தன. பெரியபாளையம் வந்ததும் சாலமோன் திடீரென்று கேட்டான்.

"புள்ள பேரு இன்னா?"

"சாராள்."

"இன்னா துன்னும்?"

"கமர்கட்டுன்னா உசுரு."

சாலமோன் இறங்கிக் கடைகளுக்கிடையே நடந்தான். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். சாம்சன் படியில் தொங்கியபடி, "இருங்க சார், எங்க அண்ணன் வராரு," என்று கத்தினான்.