கழுத்துப் பைத்தியம்

…கிட்டாரில் மேப்பிள் மரம் என்றால் கணீரென்று வரும், ரோஸ்வுட் என்றால் கொஞ்சம் தணிந்து, தொண்டையில் தேன் தடவின மாதிரி, இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறேன், உள்ளே என் மனைவி ஹுமைராவின் கழுத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நான் மரக் கணக்குப் பார்க்கிறேன்… தைராய்டு கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும், ஆனால் குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலேயே ஓடுது பாய், குரல் கொஞ்சம் மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். மாறலாம் என்றால் எவ்வளவு? கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம். துவா ஓத வாயெடுத்தால் பாதியில் கிட்டார் வந்து நிற்கிறது, அல்லாஹ் கோபித்துக்கொள்ள மாட்டான், அந்தக் கிட்டாரை வைத்துத்தானே கட்டியை என் கண்ணில் காட்டினான்.

குடவாசலில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற இந்த சித்தீக்குக்கு எதற்கு எலெக்ட்ரிக் கிட்டார் என்று கேட்காத ஆள் இல்லை. துபாயில் வேலை பார்த்தபோது பழைய சாமான் கடையில் பிடித்த கிறுக்கு, எழுபதுகளில் ஜப்பானில் செய்ததுதான் வேண்டும், அதிலும் கழுத்து ஒரு மரம், அதன்மேல் விரல் வைக்கிற பலகை வேறொரு மரம், வழக்கத்துக்கு மாறான ஜோடியாக இருக்க வேண்டும். மஹாகனிக் கழுத்தில் மேப்பிள் பலகை ஒட்டினது ஒன்று இருக்கிறது, எவன் செய்தான், ஏன் செய்தான், மரம் தீர்ந்துபோய்க் கைக்குக் கிடைத்ததை ஒட்டினானோ, நினைத்தாலே சிரிப்பும் சந்தோஷமும் வரும். ஒரு பாட்டு உருப்படியாக வாசிக்கத் தெரியாது எனக்கு. கழுத்துப் பைத்தியம் என்பாள் ஹுமைரா, சொல்லிக்கொண்டே, ஐப்பசி மழை ஈரத்தில் மரக் கழுத்து வளைந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் துணியில் அரிசி முடிந்து வைப்பாள், சோற்றுக்கு எடுக்கிற அதே பொன்னி. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கம்பியைத் தட்டி, "மேப்பிளா, ரோஸ்வுட்டா, சொல்லுங்க மச்சான்" என்பாள், நான் "இன்னொரு தடவை" என்பேன், தட்டுவாள், தப்பாகச் சொல்வேன், சிரிப்பாள்… அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும்? ஐயோ, ஏன் காதில் வரமாட்டேன் என்கிறது?

போன மாதம் அந்த மஹாகனிக் கழுத்தைத்தான், ஆசாரி பலகை பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வளைந்திருக்கிறதா என்று நீட்டிப் பார்த்தேன், அதன் நுனிக்கு நேரே ஜன்னலோரம் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், மரம் நேராகத்தான் இருந்தது, அவள் கழுத்தில்தான் முழுங்கும்போது ஒன்று ஏறி இறங்கியது. சீக்கிரம் பார்த்துட்டீங்க, நல்லதாப் போச்சு என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பும்போது அவள், "பைத்தியம் புடிச்சதுலயும் ஒரு லாபம் பாருங்க" என்றாள். அல்ஹம்துலில்லாஹ், பேர் தெரியாத அந்த ஜப்பான்காரன் நன்றாக இருக்கட்டும், அவன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும், அவனுக்கு வழக்கமான மரம் கிடைத்திருந்தால் நான் அதை வாங்கியிருக்கவே மாட்டேன், அன்றைக்கு எடுத்துப் பார்த்திருக்கவும் மாட்டேன்…

கதவு திறக்கிறது. ஸ்ட்ரெச்சரில் அவள்தான், கழுத்தில் வெள்ளைக் கட்டு, உதடு காய்ந்து கிடக்கிறது. "பேசலாம்மா, பயப்படாதீங்க, உங்க பேரைச் சொல்லுங்க" என்கிறார் டாக்டர். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறாள். "மச்சான்…" கரகரவென்று, எங்கோ கீழேயிருந்து வருகிறது, "மேப்பிளா… ரோஸ்வுட்டா?" டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கண்ணை மறைக்கிறது. மாறிவிட்டதா, இது மயக்க மருந்தின் கரகரப்பா, நாளைக்குச் சரியாகுமா, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் பழைய குரல் காதில் இல்லையே, இது ஒன்றுதான் இருக்கிறது, இது இருக்கிறதே…

"இன்னொரு தடவை" என்கிறேன்.