நூறு சதவீத மாடி

மராத்திக்கார ஊரான ஹிஞ்சேவாடியில் எங்கள் அலுவலகத்தின் நான்காவது மாடியில் ஒரு பலகை உண்டு. அதை எழுதுகிறவள் நான். யாரெல்லாம் தங்கள் கம்ப்யூட்டரில் பிரவுசரை அப்டேட் செய்யவில்லையோ அவர்கள் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ஓர் அழுமூஞ்சி வரைய வேண்டும். பதவியின் பெயர் பாதுகாப்புத் தூதர். சம்பளமெல்லாம் ஏறவில்லை. அடையாள அட்டையைத் தொங்கவிடப் பச்சை நாடா கொடுத்தார்கள். அந்த நாடாவுக்கு மயங்கினேன், என்னத்தைச் சொல்ல!

சும்மா பலகை எழுதியதோடு நின்றிருக்கலாம். நமக்குத்தான் மூளை அரிக்குமே. "தூதர்கள் எந்த கம்ப்யூட்டரில் தங்கள் ஐடியைப் போட்டாலும் அது அந்த நிமிடமே, யாரும் நிறுத்த முடியாதபடி, அப்டேட் ஆகிவிடுகிற மாதிரி செய்யலாமே" என்று மீட்டிங்கில் எடுத்துவிட்டேன். தேஜஸ்வினி மேடம், எங்கள் மேனேஜர், "அரே வா, பானு!" என்று எழுந்து நின்று கைதட்டினார். ஒரே வாரத்தில் அதை அமலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நல்ல காரியங்களுக்கு மட்டும் இந்தக் கம்பெனியில் அந்த வேகம் வராது.

எந்த மாடியில் ஒரு கம்ப்யூட்டர் விடாமல் எல்லாம் புதுசாகிறதோ அந்த மாடிக்கு பாணேர் பேக்கரியிலிருந்து பெரிய கேக் வரும். எங்களுக்கு வரவே இல்லை. காரணம் கந்தசாமி அண்ணன்.

அவரும் எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம்தான், அன்னூர்க்காரர். பிரவுசர் "இப்போது அப்டேட் செய்யவா?" என்று கேட்டால் "பிறகு" என்பதை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பலகையில் அவர் பெயர் மட்டும் மாதக்கணக்காக இருந்தது. நான் போய், என் ஐடியைப் போட விடுங்கள் என்று சண்டை போட்டால், "ஓடிட்டிருக்கிறதை எதுக்குங்க அம்மணி நோண்டோணும்?" என்பார். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை புது அப்டேட் வந்தது. எல்லாருக்கும் நான்தான் கறாராக மெயில் போட்டேன், உடனே செய்யுங்கள் என்று. செய்தார்கள். கந்தசாமி அண்ணன் "பிறகு" போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

மதியத்துக்குள் மாடி முழுக்க ஒரே கூச்சல்.

எங்கள் பிரவுசரின் மூலையில் ஒரு குட்டிக் கேடயம் இருக்கும். வேறொரு கம்பெனியிடம் வாங்கிச் செருகிய பாதுகாப்பு ஆட்-ஆன். துவாரபாலகர் என்று நாங்கள் கூப்பிடுவோம். அவர் பச்சையாக நின்றால்தான் கம்பெனி போர்ட்டலின் கதவு திறக்கும். புது பிரவுசருக்கோ அவரைப் பிடிக்கவில்லை. "இந்த ஆட்-ஆன் இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது. உங்கள் பாதுகாப்புக்காக நிறுத்திவைத்திருக்கிறோம்" என்றது. துவாரபாலகர் இல்லாததால் போர்ட்டல், "உங்கள் பாதுகாப்புக்காக அனுமதி மறுக்கப்படுகிறது" என்றது. இரண்டு பேரும் என் பாதுகாப்புக்காகத்தான் என்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

மற்றவர்களுக்கு லீவு போட முடியவில்லை, கேப் புக் பண்ண முடியவில்லை என்ற கவலை. என் கவலை வேறு. கோயம்புத்தூர் கிளைக்கு ஒரே ஒரு இடம் காலியாகியிருந்தது. மாற்றல் வேண்டுமென்றால் போர்ட்டலில்தான் விண்ணப்பிக்க வேண்டும், அன்று மாலை ஆறு மணிதான் கடைசி. மேனேஜரின் ஒப்புதல் மதியம்தான் கைக்கு வந்திருந்தது. என் கணவன் முகுந்த் இருப்பது கோயம்புத்தூரில். கல்யாணமானதிலிருந்து நாங்கள் குடித்தனம் நடத்துவது போன் திரையில். இந்த இடம் காலி என்று தெரிந்த அன்றே சரவணம்பட்டியில் இரண்டு பேருக்குப் போதுமான வீடாகப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டான், கிறுக்கன்.

ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டேன். சோனியா என்ற பெண், தேன் குழைத்த இந்தியில், போர்ட்டலுக்குள் போய் ஒரு புகார் பதிவு செய்யுங்கள் என்றாள்.

"அம்மா தாயே, போர்ட்டலுக்குள் போக முடியவில்லை என்பதுதான் புகாரே!"

"ஜீ மேடம், புகார் நம்பர் இல்லாமல் நாங்கள் எதையும் தொட முடியாது."

"பழைய பிரவுசரையாவது திருப்பிப் போட்டுக் கொடுங்களேன்."

"முடியாது மேடம். உங்கள் மாடியின் பாதுகாப்புத் தூதர் அனுமதித்தால்தான்."

"நான்தான் அந்தத் தூதர்!"

"அப்படியானால் சுலபம் மேடம். போர்ட்டலுக்குள் போய் அனுமதி கொடுத்துவிடுங்கள்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கந்தசாமி அண்ணன் மேஜைக்கு முன்னால் பெரிய வரிசை. அவருடைய பழைய பிரவுசரில் துவாரபாலகர் பச்சைப்பசேலென்று நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொருவராக வந்து தங்கள் ஐடியைப் போட்டு வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்.

எனக்கு மானம் போயிற்று. போனால் போகட்டும் என்று வரிசையின் கடைசியில் போய் நின்றேன். மணி ஆறை நெருங்கியபோது வரிசையில் பாதிதான் கரைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணனே எழுந்தார்.

"ஏனுங்க அம்மணி, கோயமுத்தூருக்குப் போடணுமாட்ட இருக்குது?"

"ஆமாண்ணா."

"நானும் காலைல போட்டு வெச்சனுங்க. சும்மாதான், அங்க போயி எனக்கு என்ன ஆவப்போவுது. நீங்க போடுங்க, பாத்துக்கலாம்." வரிசையைப் பார்த்து, "பானு அம்மணி மொதல்ல போவட்டும், தள்ளுங்கப்பா" என்றார். எல்லாரும் வழி விட்டார்கள். இந்த மனுசனுக்கா அழுமூஞ்சி வரைந்தோம்! கண் கலங்கியபடியே உட்கார்ந்து என் ஐடியைப் போட்டேன்.

திரை ஒருமுறை கண் சிமிட்டியது.

"வணக்கம், பாதுகாப்புத் தூதரே. இந்த கம்ப்யூட்டர் அப்டேட் ஆகிறது."

"ஐயையோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணனின் வடாபாவ் கீழே விழுந்தது. எந்தப் பட்டனை அழுத்தியும் நிற்கவில்லை. நிறுத்த முடியாதபடி செய்யுங்கள் என்று சொன்னவளும் நான்தானே. பிரவுசர் மூடித் திறந்தபோது துவாரபாலகர் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தார். வரிசையில் நின்றவர்கள் மராத்தியிலும் இந்தியிலும் என்னைத் திட்டியது எல்லாமே புரிந்தது. மராத்தி தெரியவில்லை என்று இத்தனை நாள் வருத்தப்பட்டது வீண்.

அண்ணனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அழுவாதீங்க அம்மணி. நானொருத்தன்தான் போட்டிருக்கறேன்னு காலைல ஹெச்ஆர்ல சொன்னாங்க. நானும் வாபஸ் வாங்கிட்டா, ஆளே இல்லீன்னு தேதியத் தள்ளி வெப்பாங்க. இருங்க" என்று உட்கார்ந்து தன் ஐடியைப் போட்டார்.

உங்கள் பாதுகாப்புக்காக அனுமதி மறுக்கப்படுகிறது.

பழைய பிரவுசர் உள்ள வேறு கம்ப்யூட்டர் எந்த மாடியிலும் இல்லை. ஹெச்ஆருக்குப் போன் போட்டால், எதுவானாலும் போர்ட்டல் வழியாகத்தான் என்றார்கள். ஆறு மணி ஆயிற்று. கந்தசாமி அண்ணன் கோயம்புத்தூருக்குத் தேர்வாகிவிட்டார். கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி நின்றார், பாவம்.

அப்போது லிஃப்ட் திறந்தது. தேஜஸ்வினி மேடம் பின்னால் இரண்டு பேர் கேக்கைத் தூக்கி வந்தார்கள். "நூறு சதவீதம்! கடைசி மெஷினும் முடிந்தது! வா, பானு, வா!" என்று என் கையில் கத்தியைக் கொடுத்து, என்னைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, போட்டோவும் எடுத்து, ஒரு பெரிய துண்டை வாயில் திணித்தார்.

போன் அடித்தது. முகுந்த்.

"ஹாலுக்குக் கர்ட்டன் நீலமா, மஞ்சளா? கடைலதான் நிக்கறேன், சீக்கிரம் சொல்லு."

கேக்கை எப்படியோ விழுங்கினேன்.

"நீதான பாக்கப்போற. உனக்குப் புடிச்சதை வாங்கிக்க" என்றேன்.