குதிரை போக முடியாத கட்டம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து என் சட்டையைப் பிடிப்பதைவிட இது மேல். என் அக்கா வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. நானும் அவரும் அஞ்சலட்டையில் செஸ் ஆடுகிறோம். அவர் ஊரில் அவர் மேஜைமேல் ஒரு போர்டு, என் ஊரில் என் அலமாரிமேல் ஒரு போர்டு. அவர் ஒரு காயை நகர்த்தி, எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போனது என்று எழுதிப் போடுவார். அட்டை வந்ததும் நான் இங்கே அவர் காயையும் நகர்த்தி, என் காயையும் நகர்த்தி, பதில் போடுவேன். ஓர் ஆட்டம் முடிவதற்குள் வீட்டுப் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். போனிலேயே ஆடித் தொலைக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை.

சென்ற மாதம் அவர் அட்டையில் குதிரை, அது போகவே முடியாத ஒரு கட்டத்துக்குப் போயிருந்தது. போன் செய்தேன்.

"என்ன மாமா, உங்க குதிரைக்கு றெக்கை முளைச்சிடுச்சா?"

அவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். "உங்க அக்கா டேபிளைத் துடைச்சிருக்கா மாப்ளே. காயைத் தூக்கி வச்சுத் துடைச்சவ, திரும்பப் பக்கத்துக் கட்டத்துல வச்சுட்டா."

பின்னாலிருந்து அக்காவின் குரல். "ஆமா, இந்த வீட்டுல மரக்குதிரைக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல."

சிரித்தோம். போனை வைத்த பிறகுதான் அது தோன்றியது. தனியாக வாழ்கிறார் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து இப்படி ஓர் அட்டை வந்தால் என்ன ஆகும்?

2

தொடக்க வரிகள். எழுதிப் பார்த்ததெல்லாம் இங்கேயே கிடக்கட்டும்.

"அந்த மழைநாளில் அவள் ஜன்னலோரம்" — வேண்டாம். ஏக்கம் என்றாலே மழையைக் கூப்பிடுவது எனக்கு அலுத்துவிட்டது.

"வாழ்க்கை ஒரு சதுரங்கம் என்று" — [இதை எழுதிய கையை நானே ஒரு தட்டுத் தட்டினேன்.]

"பல் செட் செய்கிறவள் ஒருத்தி இருந்தாள்." — பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

பல் செட் செய்கிறவள் ஒருத்தி இருந்தாள். பழைய கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் அவளுடைய வேலைக்கூடம். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, யார் யாருடைய தாடைகளையோ வெள்ளை வெளேரென்று வார்த்தெடுப்பாள். பிறகு மெழுகில் ஈறு, அதில் ஒவ்வொன்றாகப் பல். மேலும் கீழும் பொருந்துகிறதா என்று நடுவில் நீலத்தாளை வைத்துக் கடிக்கவிட்டுப் பார்ப்பாள். நீலம் படக்கூடாத இடத்தில் பட்டிருந்தால் தேய்ப்பாள், மறுபடி கடிக்கவிடுவாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவள் கல்யாணப் பேச்சு வீட்டில் ஒரு காலத்தில் தினமும் இருந்தது, பிறகு எப்போதாவது இருந்தது, தங்கையின் கல்யாணத்தோடு ஓய்ந்துபோனது.

ஒருமுறை கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோய், அதைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக் வந்தார். அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். உதிரிபாகம் வருகிறவரை அவருக்கு வேலை ஓடவில்லை. மதியத்தில் அவள் தாழ்வாரத்தில் ஸ்டூலைப் போட்டு, போர்டை விரித்து, தனக்கு எதிராகத் தானே ஆடிக்கொண்டிருப்பாள். அவர் நின்று பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அந்த யானையைத் தொடாதீங்க."

"லிஃப்ட் சரியாயிடுச்சா?"

"இல்ல."

"அப்போ அதைப் பாருங்க."

மறுநாள் எதிரில் இன்னொரு ஸ்டூல் இருந்தது. போட்டது அவள்தான்.

உதிரிபாகம் சீக்கிரமே வந்து சேர்ந்தது. அதைச் சுமந்துவந்த ஆள்மேல் அவளுக்கு வந்த கோபத்தில் ஒரு நியாயமும் கிடையாது. லிஃப்ட் ஓடத் தொடங்கியது, ஆட்டம் பாதியில் நின்றது, மெக்கானிக்கை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சில வாரம் கழித்து அவளுக்கு ஓர் அட்டை வந்தது. "என் பிஷப், சி 4. இனி உங்கள் முறை."

3

அந்த ஆட்டம் முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது என்று வருஷங்கள் ஓடின. அட்டையில் முதலில் எதிராளியின் கடைசி நகர்த்தலைத் திரும்ப எழுதுவார்கள், அதன் கீழே தன்னுடையதை எழுதுவார்கள். குழப்பம் வராமலிருக்க அஞ்சல் ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பழக்கம் இது. மிச்ச இடத்தில் சண்டை.

சண்டையெல்லாம் ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதில்தான். அவள் எடுத்த எடுப்பில் ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய், பக்கத்தில் யானையை நிறுத்தி, முன்னால் மூன்று சிப்பாய்களை வைத்துக் கோட்டை கட்டிவிடுவாள். மற்றதெல்லாம் அப்புறம். அவர் ராஜாவை நட்டநடுவில் விட்டுவிட்டுக் குதிரைகளைக் கிளப்புகிறவர்.

"சண்டை எங்கேன்னு தெரியறதுக்கு முன்னாடியே ஒளிஞ்சுக்கறீங்க" என்று எழுதுவார். எழுத்திலும் அவருக்குப் பேச்சுதான்.

"ஒளியல. வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பறேன். நீங்க திறந்து போட்டுட்டுப் போற ஆள்."

"திறந்து போட்டு இதுவரைக்கும் என்ன திருட்டுப் போச்சு?"

"போன ஆட்டத்துல ராணி போச்சே, மறந்துடுச்சா?"

"அது திருட்டு இல்ல. நானா கொடுத்தது. வாங்கிக்கிட்டு ஒரு நன்றிகூடச் சொல்லல நீங்க."

இந்தக் கடைசி அட்டையை அவள் எத்தனை தடவை எடுத்துப் படித்தாள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

தங்களைப் பற்றி இருவரும் எழுதிக்கொள்வதில்லை. ஒரே ஒரு தடவை அவர் இப்படி எழுதியிருந்தார்: "போர்டுல தூசி மண்டிக் கிடக்கு. துடைச்சா காய் இடம் மாறிடும். ஆட்டம் முடிஞ்சாத்தான் துணியை எடுப்பேன். நல்ல வேளை, ஏன்னு கேக்க இங்க ஆளில்ல." ஆளில்லை என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் மனதுக்குள் என்னென்னவோ கட்டிவிட்டாள். இப்போது நடக்கிற ஆட்டம் முடிந்ததும், 'அடுத்ததை நேரில் உட்கார்ந்து ஆடலாமா?' என்று கேட்டு எழுதுவதாக இருந்தாள். இந்தத் தடவை கட்டாயம் கேட்டுவிடுவாள். போன தடவையும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

(* செஸ் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். குதிரை நேராகப் போகாது. இரண்டு கட்டம் போய்ப் பக்கவாட்டில் ஒன்று திரும்பும். கட்டத்தின் பெயரில் எழுத்து இடமிருந்து வலமாக எண்ணுவது, எண் கீழிருந்து மேலாக எண்ணுவது. இந்தக் கதைக்கு இவ்வளவு போதும்.)

4

அட்டை வந்தது. "உங்கள் யானை, ஈ 8. என் குதிரை, எஃப் 5."

அவளுடைய போர்டில் அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே குதிரை. அது எஃப் 3-இல் நின்றது. எஃப் 5 அதற்கு நேர் எதிரே இருக்கிறது. நேராகப் போக அது என்ன யானையா?

அவர் கவனம் தப்பியிருக்குமோ என்று பார்த்தாள். அவளுடைய நகர்த்தலைப் பிசகில்லாமல் திரும்ப எழுதியிருந்தார், கையெழுத்தும் எப்போதும்போல் இருந்தது. விரலைப் பின்னோக்கி நகர்த்தி, குதிரை எங்கே நின்றிருந்தால் இந்தக் கட்டத்துக்கு வரலாம் என்று தேடினாள். ஜி 3. ஒட்டினாற்போல் பக்கத்துக் கட்டம். அப்படியானால் அவர் பொய்யாக எழுதவில்லை, அவர் மேஜையில் குதிரை உண்மையிலேயே அங்கேதான் நிற்கிறது. அதை யாரோ தூக்கி, கீழே துடைத்துவிட்டு, ஒரு கட்டம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அவள் மெழுகு உருக்கும் விளக்கை அணைத்தாள். அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். பொறாமை என்றால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஆனால் அது பொறாமைதான். தான் ஒருநாளும் பார்த்திராத அந்த மேஜைமேல் யாரோ ஒருத்தி ஈரத்துணியோடு குனிகிறாள், உரிமையோடு காயைத் தூக்குகிறாள்.

5

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஒரு குதிரை நகர்ந்ததற்கா இவ்வளவு? எனக்கும் இவள்மேல் சந்தேகம் வந்தது. வேலைக்கு ஆள் வைத்திருக்கலாம், பூனை தட்டியிருக்கலாம். அதையெல்லாம் கேட்பதற்கென்றே அவளுடைய தங்கையை அனுப்பினேன். அவள் வந்து, ஸ்டூலில் இருந்த தாடைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"வேலைக்கு யாராவது வச்சிருப்பார்க்கா."

"இத்தனை வருஷமா இல்லாத வேலையாளா?"

"சொந்தக்காரங்க வந்திருப்பாங்க."

"இருக்கலாம்."

"சரி, கல்யாணம் ஆயிருக்கும். போதுமா? அதை யாராவது வாய்விட்டுச் சொல்லணும்னுதானே உக்காந்திருக்கே?"

அக்கா கையிலிருந்த செட்டுப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்க வேண்டிய அளவைத் தாண்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, அவரே துடைச்சிருக்கக் கூடாதா?"

"ஆட்டம் முடியாம துடைக்க மாட்டார்."

"யாரையாவது வரச் சொல்லணும்னு நினைச்சுத் துடைச்சிருந்தா?"

"யாரை?"

"உன்னைத்தான். வேற யாரை? அவருக்கும் கேக்கப் பயமா இருக்கலாம்ல? நீ எப்பவாவது வரேன்னு எழுதியிருக்கியா?"

"இல்ல."

"வாங்கன்னு?"

"இல்லடி."

"பின்ன இத்தனை வருஷமா என்னதான் எழுதிக்கிட்டீங்க ரெண்டு பேரும்?"

"கோட்டை எப்பக் கட்டறதுன்னு."

தங்கை சிரிக்கத் தொடங்கினாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். எழுந்து வந்து அவள் கையிலிருந்த பல்லை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

6

முடிவுகள்.

முதலாவது. அவள் முறைப்படி எழுதுகிறாள்: "உங்கள் குதிரை எஃப் 3-இல் உள்ளது. சரிபார்க்கவும்." பதில் வருகிறது: "மன்னிக்கவும். வீட்டில் துடைத்திருக்கிறார்கள்." வீட்டில் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இதை எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. ஒரு வரியில் ஒருத்தியின் இத்தனை வருஷத்தை மூட எனக்கு என்ன அதிகாரம்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது. அவள் ஒன்றும் கேட்பதில்லை. தன் போர்டிலும் குதிரையை ஜி 3-க்குத் தள்ளுகிறாள். அங்கிருந்து எஃப் 5-க்கு. அது அவள் கோட்டையின் கழுத்தில் வந்து உட்காருகிறது, ஆட்டம் தோற்றுவிடும். தோற்கட்டும். அவர் வீட்டில் எப்படி நிற்கிறதோ அப்படியே இங்கேயும் நிற்கட்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், போனில் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா நீலத்தாள் வச்சுப் பார்க்கிறவ தப்பான போர்டுல எப்படி ஆடுவா?"

"ஆசையில ஆடுவா."

"ஆசை இருந்தா எழுந்து போவா. உக்காந்து தோத்துக்கிட்டிருக்க மாட்டா."

செஸ்ஸில் அவரை நான் ஜெயித்துவிடுவேன். பேச்சில் முடிவதில்லை.

மூன்றாவது. அவள் பதிலே போடாமல் — [இல்லை. இதை ஒரு வாக்கியம்கூட எழுத முடியவில்லை. எழுதவிட்டால்தானே! அதற்குள் அவள் கைப்பையை எடுத்துவிட்டாள்.]

7

ஆகவே அவள் கிளம்பினாள். டாக்டர்களிடம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, அட்டையில் இருந்த முகவரியைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். 'உங்க குதிரை தப்பான இடத்துல நிக்குது. சரி பண்ணிட்டுப் போகலாம்னு வந்தேன்.' இதைச் சொல்லும்போது சிரிப்பதா வேண்டாமா என்பதுதான் முடிவாகவில்லை. அந்த வீட்டில் வேறு யார் இருந்தாலும் சரி, அவர் முகத்தை ஒரு தடவை எதிரில் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது அவ்வளவு மட்டும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் குலுங்காமல் ஏறியது. அவர் வேலையாகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கதவுக்கு முன்னால் செருப்பு வைக்கும் தட்டு. அதில் ஆண் செருப்பு ஒரு ஜோடி வைத்தேன். பக்கத்தில் பெண் செருப்பு ஒரு ஜோடி வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன். அவள் லிஃப்டிலிருந்து வெளியே வருவதற்குள் முடிவு செய்ய வேண்டியிருந்ததால், தட்டை எடுத்துவிட்டு மூடுகதவு போட்ட அலமாரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். கோழைத்தனம்தான். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் மணியை அடித்துவிட்டாள். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம், பிறகு காலடிச் சத்தம். யாருடைய காலடி என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொல்ல முடியவில்லை. கதவைத் திறக்கிறவர் யார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அஞ்சல் ஆட்டக்காரர்களைப்போல் நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள்.