மாற்றியவர் பெயர், பதவி

கடலோரக் குன்றின் மேலிருந்த அந்த வானொலி நிலையத்துக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். 'காற்று வருகிறது, கரைக்குத் திரும்புங்கள்' என்று படகுகளுக்குச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குப் பதினான்கு ஊழியர்கள், ஒன்பது பீரோக்கள், நாற்பது வருஷத்துக் கோப்புகள். அந்தப் பதினான்கு பேரில் ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவள் அங்கே டெக்னீஷியன். பதினொரு வருஷமாகத் தற்காலிகமாக வேலை பார்க்கிறாள். நிரந்தர உத்தரவு டைப் அடித்துத் தயாராகக் கண்காணிப்பாளரின் மேஜை டிராயரில் கிடந்தது. பெயரில் ஒரு கரும்புள்ளியும் விழாமல் இந்த வருஷத்தை ஓட்டிவிட்டால் கையெழுத்துப் போடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

நிலையத்தில் ஒலிபரப்புக் கருவிகள் இரண்டு. பெரிய செட் மின்சாரத்தில் ஓடும், சின்ன செட் பேட்டரியில். ஆன்டெனா மட்டும் ஒன்றுதான். மின்சாரம் போனால் பெரிய செட் படுத்துவிடும். உடனே அதன் முதுகிலிருந்து ஆன்டெனா கேபிளைத் திருகிக் கழற்றி, சின்னதன் முதுகில் திருகி மாட்ட வேண்டும். கை நடுங்காதவர்களுக்கு நான்கு நிமிஷ வேலை. போன வருஷம் பெருங்காற்று அடித்த அன்று அவளை வேறொரு ஊருக்கு ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கே இருந்தவர்கள் கேபிளை மாற்றி மாட்டப் பதினெட்டு நிமிஷம் ஆயிற்று.

அந்தப் பதினெட்டு நிமிஷமும் கடலில் இருந்தவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். படகு ஓட்டுகிறவன். வலை போய், படகின் ஒரு பக்கப் பலகை போய், விலாவில் கட்டோடு வந்து சேர்ந்தான்.

"ரேடியோல வெறும் இரைச்சல்தான்க்கா. எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டீங்களோன்னு நினைச்சேன்" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து, கேபிளைக் கையால் திருகுவது போதும், ஒரு ஸ்விட்ச் வாங்கித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாள்.

எழுதிக் கொடுத்தால் உடனே வாங்கிவிடுவார்களா? குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைவர் கண்காணிப்பாளர். உறுப்பினர் இரண்டு பேர். ஒருவர் விதிமுறைப் பிரிவு அதிகாரி. எதைக் கேட்டாலும் ஏதாவது ஓர் உட்பிரிவைச் சொல்லித் தப்பித்துக்கொள்வதால் அவருக்கு 'உட்பிரிவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்னொருவர் மைக்கில் எச்சரிக்கை வாசிக்கும் அறிவிப்பாளர். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்ததால் அவர் தன் நிழலைப் பார்த்தாலும் பயந்தார்.

ஸ்விட்ச் செய்கிற கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருந்தது. ஸ்விட்ச் என்னவோ உள்ளங்கையில் அடங்குகிற பெட்டிதான். நடுவில் ஆன்டெனாவுக்கு ஒரு வாய், இரண்டு செட்டுகளுக்கும் ஆளுக்கொரு வாய், உள்ளே ஒரு சுருளும் சின்ன நாக்கும். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் நாக்கு நகரும். படிவத்தில் ஆறாவது கேள்வி இதுதான்: 'மின்சாரம் நின்றுபோனால் ஸ்விட்ச் எங்கே நிற்க வேண்டும்?' பக்கத்தில் மூன்று கட்டங்கள். ஒன்றில் டிக் அடித்தால் போதும். அந்த ஒரு டிக்குக்காகப் படிவம் ஏழு மாதம் மேஜை மேஜையாக ஏறி இறங்கியது.

கடைசியில் கண்காணிப்பாளரின் அறையில் கூட்டம் கூடியது. விளக்கம் சொல்ல டெக்னீஷியனையும் கூப்பிட்டார்கள்.

"முதல் வகை, வெச்ச இடத்துலேயே நிக்கும் சார். கரண்ட் போனாலும் நகராது. மறுபடி யாராவது பட்டனை அழுத்தினாத்தான் மாறும்" என்றாள்.

"நல்ல குணம்" என்றார் கண்காணிப்பாளர். பதினாறு வருஷமாக அதே நாற்காலியில் இருப்பவருக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை.

உட்பிரிவு கண்ணாடியைக் கழற்றினார். "வெச்ச இடத்துல நிக்கும்னா, வெச்சது யாருன்னு கேள்வி வரும். ஏதாவது ஆச்சுன்னா கடைசியா அழுத்தினவர்தான் பதில் சொல்லணும்."

அறிவிப்பாளருக்கு முகம் வெளுத்தது. "பக்கத்துல இருக்கிறவன் நான்தானே? ஐயையோ, எனக்கு அது வேண்டாம் சார். நான் அந்தப் பட்டன் பக்கமே போக மாட்டேன்."

முதல் கட்டத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டு நீக்கிவிட்டார்கள்.

"ரெண்டாவது வகையில கரண்ட் போனா ஆன்டெனா எந்த செட்டோடயும் சேராது. எல்லாத்தையும் விட்டுட்டு நடுவுல நிக்கும்."

குழுவின் முகங்கள் மலர்ந்தன. "நடுநிலை!" என்றார் உட்பிரிவு, சொந்தக்காரனைக் கண்டதுபோல. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, யார் மேலும் பழி வராது, இதைவிட என்ன வேண்டும் என்று கண்காணிப்பாளரும் தலையாட்டினார். பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், எந்த செட்டோடயும் சேராதுன்னா பேச்சு வெளியே போகாது. இவர் மைக்குல கத்துவார், அது இந்தச் சுவருக்கு மட்டும்தான் கேக்கும். கடல்ல இருக்கிறவன் செத்தே போவான்."

"இப்படி உணர்ச்சிவசப்படக் கூடாதும்மா" என்றார் கண்காணிப்பாளர். "சரி, மூணாவது?"

"மூணாவதுல ஒரு ஸ்பிரிங் இருக்கு சார். கரண்ட் இருக்கிற வரைக்கும் சுருள் நாக்கைப் பெரிய செட்டு பக்கம் இழுத்துப் பிடிச்சிருக்கும். கரண்ட் போன அடுத்த நொடி ஸ்பிரிங் அதைச் சின்ன செட்டு பக்கம் தள்ளிடும். யாரும் தொட வேண்டாம்."

"சின்ன செட்டுதான் பத்திரமான பக்கம்னு முன்கூட்டியே முடிவு பண்ணினது யாரு?" என்றார் உட்பிரிவு. "அவர் கையெழுத்துப் போடணுமே?"

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. இந்த மனிதர்களிடம் கடலைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை, அவர்களுடைய பயத்தோடுதான் பேச வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரும் முடிவு பண்ணலை சார். அது ஸ்பிரிங்கோட இயல்பு. தள்ளுறது அதுதான். பொறுப்பும் அதோடதுதான்."

உட்பிரிவு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் கேட்டு மகிழ்ந்த பாட்டு எதுவும் அவருக்கு இவ்வளவு இனித்திருக்காது. 'செட் மாறுவது எந்த அலுவலரின் முடிவும் அன்று. அது ஸ்பிரிங்கின் இயல்பு' என்று தீர்மானத்தில் எழுதி, மூன்று பேரும் நிம்மதியாகக் கையெழுத்திட்டார்கள்.

அடுத்து, சாதாரண நாட்களில் மாற்றிப் பார்ப்பதற்கான பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி. செட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள் அவள். அதெல்லாம் முறையில்லை என்று, பட்டனும், பெரியதற்குப் பச்சை, சின்னதற்கு அதன் பேட்டரியிலேயே எரியும் மஞ்சள் என இரண்டு விளக்குகளும் கண்காணிப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் வந்து உட்கார்ந்தன. அவர் வெளியே போனால் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். பட்டனும் அவரோடு விடுப்பில் போனது மாதிரிதான். ஸ்பிரிங் இருக்கிறதே என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துக் கடைவாய்ப் பல் ஒன்று அவளைப் பாடாய்ப் படுத்தியது. 'பல் பிடுங்குவதற்காக' என்று காரணம் எழுதி ஒருநாள் விடுப்புக் கேட்டாள். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் அறையைப் பூட்டிக்கொண்டு தலைநகருக்குப் போனார். அங்கே பேரிடர் காலத்தில் விரைந்து செயல்படுவது எப்படி என்று இரண்டு நாள் கூட்டம்.

மதியம் மூன்று மணிக்கு அவள் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து அழுத்தும்போது ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. மணி மூன்று பன்னிரண்டு.

ஜன்னலுக்கு வெளியே கடல் மேல் வானம் அழுக்குத் துணி போல இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி காலையில் போயிருந்தான். மின்சாரம் நிலையத்திலும் போயிருக்கும். ஸ்பிரிங் தள்ளியிருக்குமா? நாக்கு பாதியில் சிக்கியிருந்தால்? தன் கையால் நூறு தடவை சோதித்துப் பார்த்ததுதான். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் அவள் உயிர் அவளிடம் இல்லை. போன் வந்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

"அக்கா, கரைக்கு வந்துட்டோம்" என்றான் தம்பி. "ரேடியோ படக்குன்னு நின்னுது. சரி, போன வருஷக் கதைதான்னு நினைச்சேன். வாயை மூடி முடிக்கலை, மறுபடி உங்க அறிவிப்பாளர் குரல் வந்துடுச்சு. திரும்புங்க, திரும்புங்கன்னு. இருபத்தாறு படகும் திரும்பிடுச்சு. யாருக்கா அது, அவ்வளவு வேகமா மாத்தினது?"

அவள் ஏதோ சொன்னாள். பாதி பஞ்சு, பாதி அழுகை.

"என்னக்கா, வாய்ல கொழுக்கட்டையா?" என்றான் அந்தப் பாவி.

நல்லது நடந்தால் அலுவலகம் சும்மா விடுமா? பத்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'பிற்பகல் 3.12-க்கு ஒலிபரப்பு பெரிய செட்டிலிருந்து சின்ன செட்டுக்கு மாறியதாகத் தெரிகிறது. மாற்றுவதற்கு எழுத்துமூலமான உத்தரவு ஏதும் பதிவாகவில்லை. இணைத்துள்ள படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பவும்.' படிவத்தின் முதல் வரி: மாற்றியவர் பெயர், பதவி.

குழு மறுபடி கூடியது. வெளியே மறுபடி காற்று கிளம்பியிருந்தது.

"நான் தொடவே இல்லை சார்" என்று உட்காரும் முன்பே ஆரம்பித்தார் அறிவிப்பாளர். "வாசிச்சுக்கிட்டு இருந்தேன். விளக்கு போச்சு. பக்கத்து ரூம்ல டக்குன்னு ஒரு சத்தம். நான் பாட்டுக்கு வாசிச்சேன். வேற எந்தத் தப்பும் பண்ணலை."

டெக்னீஷியன் பழைய தீர்மானத்தை எடுத்து வைத்தாள். "ஸ்பிரிங்கோட இயல்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்?"

"அது தீர்மானம், இது சம்பவம்" என்றார் உட்பிரிவு. "பெயர் கேக்கிறாங்க, சரி, ஸ்பிரிங்னு எழுதலாம். பதவின்னு இருக்கே? ஸ்பிரிங்குக்கு என்ன பதவி?"

கண்காணிப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஆக, உத்தரவு இல்லாம ஒரு கருவி தானா நகர்ந்திருக்கு" என்று உட்பிரிவு மேலே போனார். "இன்னைக்கு இது நகரும், நாளைக்கு வேற ஒண்ணு நகரும். என் யோசனை, இதைக் கழட்டிட்டு அந்த முதல் வகையைப் போட்டுடலாம். வெச்ச இடத்துல நிக்கிறது. உத்தரவு வந்தா பட்டனை அழுத்துவோம்."

"அதுவும் சரிதான். அடுத்த வாரமே வரச் சொல்லலாம்" என்றார் கண்காணிப்பாளர்.

காற்றுக்காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பட்டன் இந்த அறையில், சாவி இவர் பையில், இவர் ஏதாவதொரு கூட்டத்தில். இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டு தம்பி கடலில். அவள் மேஜை டிராயரைப் பார்த்தாள். பதினொரு வருஷம் அதற்குள்தான் கிடந்தது.

"நான்தான் சார் மாத்தினேன்" என்றாள்.

மூன்று தலைகளும் நிமிர்ந்தன.

"உத்தரவு இல்லாம நான்தான் மாத்தினேன். பேரு, பதவி எழுதிக்கோங்க."

கண்காணிப்பாளர் அவளையே பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் வேதனை. "நீங்க அன்னைக்கு லீவாச்சேம்மா? பல்லு..." என்றவர், தன் சட்டைப் பையிலிருந்த அறைச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உட்பிரிவு லேசாக இருமினார். "லீவு ஃபைல் வேற, இந்த ஃபைல் வேற சார். ரெண்டையும் யாரும் சேர்த்துப் பாக்கப்போறதில்லை."

அறிவிப்பாளர் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இது ரிமார்க் ஆயிடும்மா" என்றார் கண்காணிப்பாளர் தாழ்ந்த குரலில். "அந்த ஆர்டர்ல இப்ப என்னால கையெழுத்துப் போட முடியாது."

"தெரியும் சார். அப்ப ஸ்விட்ச்சை மாத்த வேண்டாமே?"

"எதுக்கு மாத்தணும்?" என்றார் உட்பிரிவு, நிஜமான ஆச்சரியத்தோடு. "தப்பு ஸ்விட்ச்சோடது இல்லையே."

படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்கள். தன் பெயரை எழுதினாள். பதவி என்ற இடத்தில் 'டெக்னீஷியன்' என்று எழுதி, பக்கத்தில் 'தற்காலிகம்' என்று சேர்த்தாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. கையெழுத்துப் போட்டு முடிக்கிற நேரத்தில் மின்விசிறி சுற்று குறைந்து நின்றது. விளக்கு அணைந்தது.

பக்கத்து அறையில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கண்காணிப்பாளரின் தலைக்குப் பின்னால் சுவரில் பச்சை விளக்கு போய் மஞ்சள் எரிந்தது. பட்டன் அவருடைய தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான்கு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், எட்டுக் கைகளும் மேஜை மேல் இருந்தன.

முதலில் அறிவிப்பாளர் அவளைப் பார்த்தார். பிறகு கண்காணிப்பாளர். பிறகு உட்பிரிவு.

"நான்தான்" என்றாள் அவள்.

உட்பிரிவு மஞ்சள் வெளிச்சத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.